ஹைப்போ கேனில் எழுதியிருந்த 10%: ஒரு மருத்துவமனை நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்து நகரம் ஒன்றில், 80 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் 2022 கோடையில் நடந்தது இது. நான் அங்கே மருந்தகப் பொறுப்பில் இருந்தேன். தொற்றுத் தடுப்புக் குழுவிலும் ஓர் உறுப்பினர். ஆட்களின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அளவுகளையும் கணக்கையும் அப்போது பதிவேட்டில் எழுதியபடியே தருகிறேன்.

கிருமி நீக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் 'ஹைப்போ' என்றுதான் சொல்வார்கள். எங்களிடம் அதற்கு இரண்டு முக்கிய வேலைகள் இருந்தன. ரத்தம், உடல் திரவம் சிந்திய இடத்துக்கு 1% கரைசல். தரை, கட்டில் கம்பி, மேசை போன்ற பரப்புகளுக்கு 0.1% கரைசல். மூலக் கரைசல் 5 லிட்டர் நீலக் கேனில் வரும். பல வருடங்களாக வாங்கியது 5% கேன். ஒவ்வொரு வார்டிலும் சிங்க் மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் இரண்டே வரி: 'ரத்தம் சிந்தினால் 1:4', 'தரைக்கு ஒரு வாளிக்குக் கால் மக்'. எந்த வாளி, எந்த மக் என்று அட்டையில் இல்லை. எத்தனை சதவீதக் கேனுக்கு இந்தக் கணக்கு என்றும் இல்லை. ஒரே கேன் வந்துகொண்டிருந்த வரை அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

மார்ச்: கேன் மாறியது

அந்த வருடம் தர ஆய்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். கொள்முதல் பிரிவில் இருந்தவரிடம் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன் நகல் இருந்தது. சில வகைக் கழிவுகளை வேதிமுறையில் கிருமி நீக்க 'குறைந்தது 10% சோடியம் ஹைப்போகுளோரைட்' வேண்டும் என்று அந்த விதிகளில் முதலில் இருந்தது உண்மை. 2018 திருத்தத்தில் அது 1% முதல் 2% என்று குறைக்கப்பட்டது. அவர் கையில் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய நகல். அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. விதியைப் படித்து, விதிப்படிதான் 10% கேனுக்கு ஆர்டர் கொடுத்தார். அந்த வரி கழிவுக்கானது, துடைக்கும் வாளிக்கு அதோடு சம்பந்தம் இல்லை என்பதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் குழு. நாங்கள் சொல்லவில்லை.

மார்ச் மூன்றாம் வாரம் 40 கேன் வந்தது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதால் அத்தனை. நிறம், அளவு, மூடி எல்லாம் பழைய கேன் மாதிரியே. லேபிளில் ஓர் எண் மட்டும்தான் வேறு. கீழ்த்தள ஸ்டோரில் 10 கேன்தான் பிடித்தது. மீதி 30 கேன் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறைக்குப் போனது.

அட்டையை யாரும் மாற்றவில்லை.

ஏப்ரல்: முதல் புகார்கள்

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஐசியு துப்புரவுப் பணியாளர் ஒருவருக்குக் கண் எரிச்சலும் தொடர் இருமலும் வந்தது. அடுத்த இரண்டு நாளில் இன்னொருவருக்கும். பணி மருத்துவர் பார்த்தார், கண்ணைக் கழுவினார்கள், இருவரையும் வேறு தளத்துக்கு மாற்றினார்கள். இரண்டு நாளில் சரியானது. அதே வாரம் கட்டில் கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிவதாகச் செவிலியர் கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்தார். மாப் நூல்களும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இற்றுப்போயின.

காரணம் எளிது. 5% கேனில் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 5 பங்கு, ஆகவே 1%. அதே 1:4 கணக்கில் 10% கேனை ஊற்றினால் 2%. ஐசியுவில் இந்தக் கரைசலை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் கம்பிகளில் அடித்துத் துடைக்கும் பழக்கம் இருந்தது. 0.1% போதுமான இடத்தில் 20 மடங்கு அடர்த்தி. மூடிய ஏசி அறை, அதில் பனித்துளியாகத் தெளிக்கப்படும் கரைசல். கண் எரியாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 'நெடி அதிகமா இருக்கு, குறைச்சுப் போடுங்க' என்று வாய்மொழியாக உத்தரவு போனது. துப்புரவு மேற்பார்வையாளர் ஐசியு, டயாலிசிஸ், ஓ.டி. (அறுவை அரங்கு) அட்டைகளில் 4-ஐ அடித்துவிட்டு மார்க்கரால் 10 என்று எழுதினார். அது ஏறக்குறைய சரியான எண். ஆனால் மற்ற வார்டுகளின் அட்டைகள் அப்படியே இருந்தன, 'கால் மக்' வரியை எங்கேயும் யாரும் தொடவில்லை.

ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஐசியுவில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த ஓர் அக்கா, புதுக் கேனைத் திறந்த முதல் நாளே, 'இந்தக் கேன் வாடையே வேற மாதிரி இருக்கு சார்' என்று ஸ்டோரில் சொல்லியிருக்கிறார். 'எல்லாம் ஒண்ணுதாம்மா' என்று பதில் வந்திருக்கிறது. மே மாதம் விசாரித்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. இந்த ஆய்வில் வரும் அளவீடுகள் எல்லாவற்றுக்கும் முந்தையது அவருடைய மூக்குதான். அது சரியாகவும் இருந்தது.

மே முதல் வாரம்: வார்டு வார்டாகப் பார்த்தது

தொற்றுத் தடுப்புச் செவிலியரும் நானும் மூன்று நாள் எல்லா வார்டுகளையும் சுற்றினோம். குற்றம் பிடிக்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். 'தினமும் கலக்குற மாதிரியே ஒரு தடவை கலந்து காட்டுங்க, அக்கா' என்று மட்டும் கேட்டோம்.

முதலில் வாளி. எல்லோரும் '10 லிட்டர் வாளி' என்று சொன்ன வாளியில், அவர்கள் வழக்கமாக நிரப்பும் மட்டம் வரை ஊற்றி அளந்தால் 13 லிட்டர். அப்புறம் மக். நான்கு பேரிடம் 'கால் மக்' ஊற்றச் சொல்லி அளவுக் குவளையில் பிடித்தோம். மிகக் குறைவானது 200 மில்லி, மிக அதிகமானது 350 மில்லி. நான்கு பேருமே நேர்மையாகத்தான் ஊற்றினார்கள். பாத்ரூம் மக்கில் கால் எது என்று கோடா போட்டிருக்கிறது?

அடுத்தது 1:10 என்ற எழுத்து. காலை ஷிஃப்டில் ஒருவர் 1 பங்கு ஹைப்போ, 10 பங்கு தண்ணீர் என்று 11 பங்கு கலந்தார். மாலையில் இன்னொருவர் மொத்தம் 10 பங்கு வரும்படி 1-உம் 9-உம் கலந்தார். 10% மூலத்துக்கு முதலாமவருக்கு 0.91% கிடைக்கும், இரண்டாமவருக்கு 1%. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் எண் சிறியதாகும்போது இதே குழப்பம் பெரிதாகிவிடும். 1:4 என்பதை 'மொத்தம் 4' என்று படித்தால் 5% கேனிலிருந்து 1.25% வரும். 1:1 என்று எழுதியிருந்தால் ஒருவருக்கு அது பாதிக்குப் பாதி, மற்றவருக்குத் தண்ணீரே சேர்க்காத மூலம். கூட்டல் குறி போட்டு '1 + 4' என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

மிகக் கவலை தந்தது டயாலிசிஸ் வார்டு. காலை ஷிஃப்ட் 1% கரைசல் கலந்து, காலியான ஒரு நீலக் கேனில் ஊற்றி வைக்கும். கேனில் '10%' என்ற பழைய லேபிள் அப்படியே. மாலை ஷிஃப்டுக்குப் புதிதாக வந்தவர் அதை மூலக் கரைசல் என்று நினைத்து, அட்டையைப் பார்த்து மறுபடி 1:10 நீர்த்திருக்கிறார். பத்தில் ஒரு பங்கை மறுபடி பத்தில் ஒரு பங்காக்கினால் நூறில் ஒரு பங்கு. ரத்தம் சிந்திய இடத்துக்கு 1%-க்குப் பதில் ஏறத்தாழ 0.1% போயிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இரண்டு முறையாவது அப்படி நடந்திருக்கும் என்று பணிப் பதிவேட்டை வைத்துக் கணித்தோம்.

அந்தப் பணியாளர் அதைக் கேட்டு அழுதுவிட்டார். அவர் செய்தது என்ன? லேபிளைப் படித்தார், அட்டையைப் படித்தார், இரண்டிலும் இருந்தபடி செய்தார்.

கணக்கைத் திருத்தினோம்

அன்று மாலையே உட்கார்ந்து கணக்கைச் சீராக எழுதினோம். அடிப்படை ஒன்றுதான். தண்ணீர் சேர்ப்பதால் கரைசலுக்குள் இருக்கும் பொருள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டிகாக்ஷனில் எவ்வளவு பால் ஊற்றினாலும் உள்ளே இருக்கும் காபி அதே காபிதான், பரவித்தான் போகிறது. ஆகவே:

மூலத்தின் அடர்த்தி × எடுக்கும் மூல அளவு = வேண்டிய அடர்த்தி × வேண்டிய மொத்த அளவு

10% மூலத்திலிருந்து 1% கரைசல் 1 லிட்டர் வேண்டும் என்றால், 1 × 1000 ÷ 10 = 100 மில்லி மூலம், 900 மில்லி தண்ணீர். அதே மூலத்திலிருந்து 0.1% கரைசல் 10 லிட்டர் வேண்டும் என்றால், 0.1 × 10000 ÷ 10 = 100 மில்லி மூலம், மீதி 9.9 லிட்டர் தண்ணீர். பங்காகச் சொல்ல வேண்டுமென்றால், மூல அடர்த்தியை வேண்டிய அடர்த்தியால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு மூலத்துக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது வந்துவிடும். 10 ÷ 1 கழித்தல் 1, ஆக 9 பங்கு. இந்த 'கழித்தல் 1'-ஐ மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

புது அட்டையில் விகிதமே எழுதவில்லை. 'ரத்தம் சிந்தினால்: 100 மில்லி ஹைப்போ, 1 லிட்டர் கோடு வரை தண்ணீர்', 'தரை வாளி: 100 மில்லி ஹைப்போ, 10 லிட்டர் கோடு வரை தண்ணீர்'. வாளிகளில் அளந்து பெயின்டால் கோடு போட்டோம். 100 மில்லி அளவுக் குவளை ஒவ்வொரு வார்டுக்கும் கொடுத்தோம். கலந்த கரைசலைப் பழைய நீலக் கேனில் ஊற்றக் கூடாது என்றும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டோம்.

எனக்கு அன்று நிறைவாக இருந்தது. கணக்கு சரி, அட்டை சரி, வாளி சரி. இதோடு விஷயம் முடிந்தது என்று குழுக் கூட்டக் குறிப்பில் நானே எழுதினேன்.

சோதனைத் தாள் சொன்னது

தர ஆய்வுக்காகக் குளோரின் சோதனைத் தாள் ஒரு பெட்டி வாங்கியிருந்தோம். கரைசலில் நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) குளோரின் இருக்கிறது என்று தெரியும். மே மூன்றாம் வாரம் அது வந்தது. எங்கள் தாளின் உச்ச அளவு 1000 பிபிஎம். 0.1% என்பதும் 1000 பிபிஎம் என்பதும் ஒன்றே. தரை வாளியை நேராகச் சோதிக்கலாம்.

இங்கே ஒரு சின்னத் தடுமாற்றம். ஒரு சிஸ்டர் 1% கரைசலில் தாளை நனைத்துவிட்டு, 'ஆயிரம் காட்டுது, ஒரு பர்சென்ட் சரியா இருக்கு' என்றார். 1% என்பது 10,000 பிபிஎம். தாளின் உச்சத்தைத் தாண்டிய எதுவும் உச்சத்தைத்தான் காட்டும். 1% கரைசலைச் சோதிக்க வேண்டுமென்றால் 5 மில்லியை எடுத்து 100 மில்லியாக நீர்த்து, 500 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சதவீதத்துக்கும் பிபிஎம்முக்கும் நடுவே நான்கு சுழியங்கள் இருப்பதை அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் முதல் விஷயமாகச் சொல்லத் தொடங்கினோம்.

அப்புறம் தரை வாளிகள். கீழ்த்தளத்தில் தாள் 500-க்கும் 1000-க்கும் நடுவே, 1000-ஐ ஒட்டிய நிறம் காட்டியது. ஐசியுவில் 500-ஐ ஒட்டிய நிறம். ஐசியு அக்கா கலக்கும்போது நானே பக்கத்தில் நின்றேன். 100 மில்லி, கோடு வரை தண்ணீர். ஒரு சொட்டுத் தப்பில்லை. தாள்தான் கெட்டுப்போயிருக்கும் என்று வேறு கட்டைப் பிரித்தோம். அதே நிறம்.

ஐசியு மூன்றாம் தளத்தில் இருந்தது. அங்கே கேன் மொட்டை மாடி அறையிலிருந்து வரும். கீழ்த்தளத்துக்குக் கீழ் ஸ்டோரிலிருந்து வரும். இதைச் சொன்னவர் கேன் தூக்கும் பையன்தான். நாங்கள் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகல்

தாள் தோராயமாகத்தான் சொல்லும். எண் வேண்டும் என்றால் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) செய்ய வேண்டும், அதற்கான வசதி எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இல்லை. பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உதவினார். மூன்று மாதிரிகளைக் கறுப்புத் தாள் சுற்றிய பாட்டிலில் கொண்டுபோனேன்: மாடி அறைக் கேன், கீழ் ஸ்டோர் கேன், விற்பனையாளரிடமிருந்து அன்று காலை வாங்கிய புதுக் கேன்.

முறை, பள்ளியில் படித்த அயோடின் தரம் பார்த்தல்தான். மூலத்தில் 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, 250 மில்லி குடுவையில் கோடு வரை நீர்க்க வேண்டும். இது 25 மடங்கு நீர்த்தல். 10 மில்லியோடு 250 மில்லி தண்ணீரைச் சேர்த்தால் 26 மடங்காகிவிடும். 1:10-ல் பார்த்த அதே குழப்பம் இங்கேயும் காத்திருக்கிறது, கோடு போட்ட குடுவைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. நீர்த்ததில் 25 மில்லி எடுத்தால் அதில் இருப்பது சரியாக 1 மில்லி மூலம். அதில் பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்ததும் பழுப்பு நிறத்தில் அயோடின் வெளிவரும். 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் மஞ்சள் வந்ததும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை விட வேண்டும். தயோசல்பேட் 1 மில்லிக்குக் குளோரின் 3.546 மில்லிகிராம்.

புதுக் கேனுக்கு 25.9 மில்லி ஆனது. பெருக்கினால் 1 மில்லி மூலத்தில் 91.8 மில்லிகிராம், அதாவது 9.2%. கீழ் ஸ்டோர் கேனுக்கு 22.8 மில்லி, ஆக 8.1%. மாடி அறைக் கேனுக்கு 15.2 மில்லியிலேயே நீலம் போய்விட்டது. 5.4%.

நம்பாமல் மூன்று தடவை செய்தோம். அதே எண்தான்.

ஹைப்போகுளோரைட் தானாகச் சிதையும் பொருள். வெயிலும் வெளிச்சமும் அதைச் சிதைக்கும், குளோரைடும் குளோரேட்டும் மிஞ்சும். 10 டிகிரி வெப்பம் கூடினால் சிதைவு வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். அடர்த்தியான கரைசல் இன்னும் வேகமாகச் சிதையும்: அடர்த்தி இருமடங்கானால் வேகம் நாலு மடங்கு என்ற கணக்கில் ஏறும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு மாதம் இருந்த 10% கேன் வேறு எப்படி ஆகும்?

அந்த எண்களை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தபோதுதான் முழுப் படமும் தெரிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் புதுக் கேனும் பழைய அட்டையும்: கரைசல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கடுமை. மே மாத மாடிக் கேனைப் பழைய 1:4 அட்டைப்படியே கலந்திருந்தால் 1.08% வந்திருக்கும், கிட்டத்தட்ட மிகச்சரி. நான் கணக்கைத் திருத்திப் புது அட்டை ஒட்டியதால் அது 0.54% ஆனது. ஐசியுவில் இரண்டு வாரமாக, வேண்டியதில் பாதி அடர்த்தியைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். கணக்கில் பிழை இல்லை. நான்கு எண்களில் மூன்றை நாங்கள் அளந்தோம், நான்காவதை லேபிளிலிருந்து எடுத்தோம். மூல அடர்த்தி என்ற அந்த நான்காவது எண்ணைத்தான் யாரும் அளக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

அன்று இரவு நான்கு பேர் உட்கார்ந்து பேசினோம். மாடியில் இன்னும் 17 கேன் இருந்தது. ஒரு யோசனை, அவற்றை '5%' என்று மறு லேபிள் ஒட்டிப் பயன்படுத்துவது. கேட்க நன்றாக இருந்தது, பணமும் மிச்சம். நான் எதிர்த்தேன். இன்று 5.4% இருப்பது அடுத்த மாதம் 4.5%-க்குக் கீழே போகலாம், மாடியில் ஒவ்வொரு கேனும் ஒரே மாதிரி சிதைந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, ஒரே கட்டடத்தில் இரண்டு அட்டை வைத்தால் இன்னொரு டயாலிசிஸ் சம்பவம் நடக்கும். கடைசியில் அந்தக் கேன்களை வெளிப்புறச் சாக்கடைக்கும் வாசல் கழிப்பறைக்கும் மட்டும் ஒதுக்கினோம். அங்கே ஆசிட் ஊற்றும் வழக்கத்தை முதலில் நிறுத்தினோம், ஹைப்போவும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வார்டுகளுக்குப் போகாதபடி கேன்களில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம்.

பிறகு, 5% கேனுக்கே திரும்புவது. இதில் கொள்முதல் பிரிவுக்கு உடன்பாடு இல்லை. அதே குளோரினுக்கு 10% கேன் மலிவு, பாதித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்றார்கள். நியாயமான கேள்வி. மாடிக் கேனின் 5.4%-ஐக் காட்டினேன். இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போகும் பொருள் மலிவாகுமா? மெதுவாகச் சிதையும் 5% கேனை, இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும், கீழ் ஸ்டோரில் வைக்கும் அளவுக்கு வாங்குவது என்று முடிவானது. 2018 திருத்தத்தின் நகலையும் கொள்முதல் பிரிவின் கோப்பில் வைத்தோம்.

கலக்கும் இடத்தையும் மாற்றினோம். ரத்தம் சிந்தினால் போடும் 1% கரைசல் இனி வார்டில் கலக்கப்படாது. தினமும் காலை மருந்தகத்தை ஒட்டிய, காற்றோட்டமான அறையில் ஒருவரே கலப்பார். முதலில் தண்ணீர், பிறகு ஹைப்போ, தெறிப்பது குறையும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஒளி புகாத வெள்ளைப் பாட்டில், அதில் அடர்த்தி, தேதி, நேரம், கலந்தவர் கையெழுத்து. 24 மணி நேரம் கழிந்தால் கொட்டிவிட வேண்டும். தரை வாளியை மட்டும் வார்டிலேயே கலக்கலாம், 10 லிட்டர் கோட்டுக்கு 200 மில்லி.

புதுக் கேன் வந்தால் திறந்த அன்றே 1 மில்லியை எடுத்து 100 மில்லியாக நீர்த்துத் தாளில் பார்ப்பது என்பதும் அன்று முடிவானது. 5% மூலம் 500 காட்ட வேண்டும்.

டயாலிசிஸ் விஷயத்தை மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் சொன்னோம். சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்தது. செவிலியர் கண்காணிப்பாளர்தான் உறுதியாக நின்றார்: 'நாளைக்கு ஒரு பேஷன்ட் ரிப்போர்ட் மாறி வந்தா யார் பதில் சொல்றது?' அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களிடம் ஊசிக் காயம் ஏதும் இருந்ததா என்று விசாரித்தோம், இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்யும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை அடுத்த இரண்டு சுற்றுக்கும் தனியாகப் பின்தொடர்ந்தோம்.

அதன் பிறகு

அந்த இரண்டு சுற்றிலும் புதிதாக யாருக்கும் தொற்று இல்லை. ஐசியுவில் பயன்பட்ட 0.54% பற்றியும் ஓரளவு ஆறுதல் இருந்தது. ரத்தம் சிந்திய இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 0.5%-ஐவிட அது குறையவில்லை. டயாலிசிஸில் போன 0.1%-க்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. சிந்திய ரத்தத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிடும் பழக்கம் அங்கே இருந்தது. ரத்தம் தேங்கினால் குளோரினை அதுவே தின்றுவிடும் என்பதால் அந்தப் பழக்கம் உதவியிருக்கலாம். அதற்கு மேல் எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஐசியுவில் கண் எரிச்சல் புகார் மறுபடி வரவில்லை. கட்டில் கம்பிகளை ஹைப்போவால் துடைத்துப் பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைக்கத் தொடங்கினோம். புதிய புள்ளிகள் நின்றன, பழையவை அப்படியே இருக்கின்றன.

ஆகஸ்டில் வந்த 5% கேன்களில் ஒரு தொகுதி தாளில் 400-க்கும் கீழே காட்டியது. கல்லூரியில் தரம் பார்த்ததில் 3.8%. விற்பனையாளரிடம் எண்ணோடு போனதால் வாக்குவாதம் இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு லேபிளில் தயாரித்த தேதி இல்லாத கேனை இறக்குவதில்லை.

டயாலிசிஸ் பணியாளர் அதே வார்டில் தொடர்ந்தார். காலைக் கலவையை இப்போது செய்பவர்களில் அவரும் ஒருவர்.

மறுபடி செய்வதானால்

கணக்கைத் திருத்துவதற்கு முன் கேனை அளந்திருப்பேன். தாள் வரும் வரை காத்திருந்தது இரண்டு வாரம், அந்த இரண்டு வாரமும் ஐசியு என் அட்டையால் பாதிக் கரைசலில் இருந்தது. கல்லூரி ஆய்வகம் பத்து நிமிடத் தூரம்தான். கணக்கு சரியாக வந்ததும் அளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் வந்த முதல் புகாரை மருத்துவப் புகாராக மட்டும் பார்த்தோம். இருமலுக்கு மருந்து கொடுத்தோம், வாளியைப் பார்க்கவில்லை. நெடி, துரு, மாப் நூல் மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் முதலில் கேனின் லேபிளைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது புகார்ப் படிவத்திலேயே இருக்கிறது. எந்தப் பொருளின் அடர்த்தி மாறினாலும் ஸ்டோர் அதை எழுத்தில் அறிவிக்காமல் கேன் வெளியே போகக் கூடாது என்பதும்.

'எல்லாம் ஒண்ணுதாம்மா' என்ற பதிலுக்கு ஈடாக இன்னும் எதையும் செய்து முடிக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவரைத் தொற்றுத் தடுப்புக் குழுவில் நிரந்தர உறுப்பினராக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'அழைப்பாளராக' வர ஒப்புக்கொண்டது. ஐசியு அக்கா முதல் கூட்டத்துக்கு வந்து, கையுறை அளவு சின்னதாக இருக்கிறது, ஈரக் கையில் கிழிகிறது என்றார். அடுத்த ஆர்டரில் பெரிய அளவு வந்தது. மாடித் தகர அறை இன்னும் இருக்கிறது. அதில் இப்போது உடைந்த நாற்காலிகளும் பழைய மெத்தைகளும் மட்டும்.